கொச்சி முதல் யாழ்ப்பாணம் வரை: ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கச் சிறுபான்மையினரும் தமிழும்

முன்னுரை

கொச்சித் துறைமுகத்தின் வில்லிங்டன் தீவு பெரும்பகுதி புதுநிலமாகும். 1920களிலும் 1930களிலும் இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளரின் மேற்பார்வையில், காயலில் தூர்வாரிய மண்ணைக் கொட்டி, பழைய வெண்டுருத்தித் தீவை ஒட்டி இஃது உருவாக்கப்பட்டது. இதன் மேற்குக் கரைக்கு எதிரே மட்டாஞ்சேரியும், அதனை அடுத்துக் கோட்டைக் கொச்சியும் அமைந்துள்ளன.

தமிழ் அச்சு வரலாற்றில் கொச்சிக்குத் தனியிடம் உண்டு. அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அதனைத் தொடர்ந்து ‘கிரீசித்தியானி வணக்கம்’ 1579இலும், ‘கொம்பெசியொனாயரு’ 1580இலும் கொச்சியில் அச்சாயின. 1663 சனவரியில் அதே கொச்சியை ஒல்லாந்தர் கைப்பற்றினர். கோயில்கள் பறிபோய், குருமார் துரத்தப்பட்டு, பிற சமயத்தாரே பெரும்பான்மையராய் வாழ்ந்த சூழலில், ஒரு சிறு கூட்டத்தார் தம் சமயத்தை எங்ஙனம் காத்துக்கொண்டனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொச்சி: கோட்டைக்கு உள்ளும் வெளியும்

பதினாறாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் நிறுவப்பட்ட கொச்சி மறைமாவட்டத்தின் எல்லைக்குள் முத்துக்குளித்துறையும் இலங்கையும் அடங்கியிருந்தன. ஆகவே கொச்சியின் வீழ்ச்சி ஒரு நகரின் வீழ்ச்சியாக மட்டும் அமையவில்லை. கோட்டைக்குள் இருந்த புனித பிரான்சிசு கோயில் சீர்திருத்தச் சபையாரின் கோயிலாக மாற்றப்பட்டது. சாந்தா குருசு பேராலயம் படைக்கலக் கிடங்காயிற்று.

எனினும் கோட்டைக்கு வெளியே உள்நாட்டு மன்னர்களின் ஆட்சிப் பகுதியில் வாழ்ந்த கத்தோலிக்கர் தம் வழிபாட்டைத் தொடர்ந்தனர். காலப்போக்கில் ஒல்லாந்தரும் தம் பிடியைச் சற்றே தளர்த்தினர். ஒல்லாந்த ஆளுநர் வான் ரீடு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெருந்தாவர நூலுக்கு, மத்தேயு என்னும் கத்தோலிக்கக் கார்மேல் துறவியின் துணை கிடைத்தமை இதற்குச் சான்றாகும்.

முத்துக்குளித்துறை: கணக்கப்பிள்ளை மரபு

தூத்துக்குடி 1658இலேயே ஒல்லாந்தர் வசமாயிற்று. அங்கு வாழ்ந்த பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்றவர்கள். 1542இல் இக்கடற்கரைக்கு வந்த சவேரியார், அடிப்படைச் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, சிறுவர்க்கும் பெரியோர்க்கும் மனப்பாடமாக்கினார். தாம் இல்லாத ஊர்களில் செபம் சொல்லிக்கொடுக்கவும் திருமுழுக்கு அளிக்கவும் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தினார்.

இவ்வேற்பாட்டின் பயன் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே முழுமையாக வெளிப்பட்டது. பரதவரைச் சீர்திருத்தச் சபைக்கு ஈர்க்க ஒல்லாந்தப் போதகர் மேற்கொண்ட முயற்சி பலிக்கவில்லை. இதற்குச் சமய உறுதி ஒன்றே காரணம் எனக் கூறுவது பொருந்தாது. சாதித்தலைவரின் கீழ் அமைந்த பரதவரின் ஒற்றுமையும், முத்துக்குளிப்புக்கு அவர்களையே நம்பியிருந்த ஒல்லாந்தரின் வணிகத் தேவையும் உடன் எண்ணத்தக்கன. ஒல்லாந்தர் ஆண்ட காலத்திலேயே, 1713இல், தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் எழுந்தது.

யாழ்ப்பாணம்: குருவில்லாக் காலம்

1658இல் ஒல்லாந்தர் வசமான யாழ்ப்பாணத்தில் நிலைமை கடுமையாக இருந்தது. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் தருவோர்க்கு மரணதண்டனை என்னும் ஆணை அவ்வாண்டே பிறந்தது. போர்த்துக்கீசியர் கட்டிய பங்குக் கோயில்கள் சீர்திருத்தச் சபையின் கோயில்களாகவும் பள்ளிகளாகவும் மாறின. பதவியும் சட்ட உரிமைகளும் அச்சபையின் பதிவேடுகளைச் சார்ந்திருந்தன. திருமுழுக்குப் பெற்றோர் பலர் சைவத்திற்குத் திரும்பினர். வேறு பலர் ஏட்டளவில் சீர்திருத்தச் சபையினராயினர். எஞ்சியோர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலையான குரு இன்றி வாழ்ந்தனர்.

1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார் (1651-1711) கூலியாள் வேடத்தில் இலங்கை சேர்ந்தார். அவர் கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாக இரந்து சென்று, அதனைக் கண்டவரின் முகக்குறிப்பால் கத்தோலிக்கரை அறிந்துகொண்டார் என்பது வழிவழிச் செய்தியாகும். சில்லாலை மக்கள் அவரைத் தம்மிடையே வைத்துக் காத்தனர். 1690ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டிற்குக் கூடியோரை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தனர். அவர்களுள் சிலர் சிறையிலேயே வாழ்நாளைக் கழிக்க நேர்ந்தது.

கண்டி: பிற சமய மன்னரின் நிழல்

1692இல் கண்டிக்குச் சென்ற வாஸ் அடிகளார் போர்த்துக்கீசிய ஒற்றர் என ஐயுற்றுச் சிறைவைக்கப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் (1687-1707) அவரை விடுவித்துச் சமயப் பணிக்கு இசைவளித்தார். 1697இல் அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளுக்கு அடிகளார் பணிவிடை செய்தார். இம்மன்னர் பௌத்த சமயப் பற்று மிக்கவர். அரக்கானிலிருந்து துறவியரை வரவழைத்து இலங்கையில் பௌத்தத் துறவு முறைக்குப் புத்துயிர் அளித்தவர். ஒரு கிறித்தவ வல்லரசு துரத்திய கிறித்தவர்க்குப் பௌத்த மன்னர் புகலிடம் தந்தார் என்னும் இவ்வுண்மை, சமயப் பகைமையாக மட்டுமே இக்கால வரலாற்றைக் காண்போர் மறக்கலாகாத ஒன்றாகும்.

தமிழும் இல்லறத்தார் பொறுப்பும்

கொச்சி ஆயரின் சார்பில் இலங்கைத் திருச்சபையின் பொறுப்பை ஏற்ற வாஸ் அடிகளார், ஊர்தோறும் அண்ணாவியையும் மூப்பரையும் அமர்த்தினார். பள்ளி ஆசிரியரையும் கூத்துப் பயிற்றுநரையும் குறித்த ‘அண்ணாவி’ என்னும் சொல், இங்கே செபம் நடத்துபவரைக் குறித்தது. முத்துக்குளித்துறையின் கணக்கப்பிள்ளையும் ஈழத்தின் அண்ணாவியும் ஒரே தேவைக்கு விடையாக எழுந்த பொறுப்புகள் எனலாம். இருவரும் இல்லறத்தார்; ஊர்மொழியில் ஓதியவர்கள்.

1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676-1742) சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் உருக்கமான இசையோடு ஓதப்படும் மரபு ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே வேரூன்றியது. குரு வாராத ஊரிலும் ஓதுவதற்கு ஒருவரும் கேட்பதற்குச் சிலரும் இருந்தால் வழிபாடு நிறைவுறும் என்னும் நிலையை இத்தகைய நூல்கள் உருவாக்கின.

சப்பானில் 1614இல் கிறித்தவம் தடைசெய்யப்பட்ட பின்னர், குருவின்றி வழிவழியாகச் செபம் காத்தோர் 1865இல் நாகசாகியில் வெளிப்பட்டமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்கும் ஊர்ப் பெரியோரே திருமுழுக்கு அளித்தனர். வாய்மொழியே செபநூலாக விளங்கியது.

முடிவுரை

1796இல் இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. அரசின் வற்புறுத்தல் நீங்கியதும், பதிவேடுகளில் பெருகியிருந்த தமிழ்ச் சீர்திருத்தச் சபையினர் எண்ணிக்கை சரிந்தது. கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகள் 1806இல் நீக்கப்பட்டபோது, அவர்களோ ஊர்தோறும் வேரூன்றிய திருக்கூட்டங்களாக நின்றனர். ஆட்சியின் ஆதரவு எண்ணிக்கையைப் பெருக்கியதேயன்றிப் பற்றை வளர்க்கவில்லை என்பது இவ்வொப்பீட்டால் புலனாகும்.

இச்சிறுபான்மையினரை நிலைநிறுத்தியவை மூன்று: தாய்மொழியில் மனப்பாடமான வேண்டுதல், குருவின்றியும் இயங்கிய இல்லறத்தார் பொறுப்பு, பிற சமய அயலாரும் அரசரும் அளித்த புகலிடம். இவற்றுள் மூன்றாவது தம் கையில் இல்லாதது. பிறர் பெருந்தன்மையால் வாய்ப்பது. 2015இல் யோசேப்பு வாஸ் கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அவரைக் காத்த சில்லாலை மக்களும், அவருக்கு இடமளித்த பௌத்த மன்னரும் உடன் நினைக்கப்பட வேண்டியவர்கள். கொல்லத்திலும் கொச்சியிலும் அச்சான தமிழ் மறைநூல்களைத் தமிழ் அச்சின் தொடக்கமாகப் போற்றும் நாம், அவற்றை ஓதிக் காத்த எளிய மக்களின் வரலாற்றையும் தமிழாய்வின் எல்லைக்குள் கொணர்தல் கடனாகும்.