ரிமோட்டும் நாலு வளையலும்

போன மாதம் எங்கள் கிளைக்கு ஒரு தம்பி நகைக்கடன் கேட்டு வந்தார். அல்சூர் பஜார் தெருப் பக்கம் டிவி ரிப்பேர் கடை. நம்ம வேலூர்க்காரர். கையில் மனைவியின் நாலு வளையல்.

"எதுக்கு தம்பி?"

"பேட்டன்ட் எடுக்கணும் சார்."

பையிலிருந்து ஒரு ரிமோட்டை எடுத்தார். முதுகில் சோலார் தகடு, உள்ளே சார்ஜ் ஏறும் பேட்டரி. செல் வாங்கும் செலவே இல்லையாம்.

பி.காம். படித்த எனக்கு என்ன தெரியும்? "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டு, ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி 1955இல் ஒரு ரிமோட் விற்றது. யூஜின் பாலி உருவாக்கியது. டார்ச் லைட் மாதிரி டிவியின் மூலையில் வெளிச்சம் அடிக்க வேண்டும். வெயில் பட்டாலும் சேனல் மாறிவிடும்! அடுத்த ரிமோட்டில் பேட்டரியே கூடாது என்றார்கள் விற்பனைக்காரர்கள். பேட்டரி தீர்ந்தால் டிவியே கெட்டுப்போச்சு என்று ஜனங்கள் நினைப்பார்களாம்.

அதே கம்பெனியின் ராபர்ட் ஆட்லர் 1956இல் வழி கண்டுபிடித்தார். பொத்தானை அழுத்தினால் உள்ளே குட்டிச் சுத்தியல் ஒன்று அலுமினியக் கம்பியைத் தட்டும். நம் காதுக்கு எட்டாத ஒலி கிளம்பும். டிவி அதைக் கேட்டுச் சேனலை மாற்றும். கட்டைவிரல் அழுத்தம்தான் அதற்குச் சக்தி. காப்புரிமையும் கிடைத்தது. 1980களில் அகச்சிவப்புக் கதிர் ரிமோட்கள் பரவியபோதுதான் பேட்டரி எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

ஆட்லர் பேட்டரியை எடுத்ததும் ரிமோட் வேலை செய்யும் விதமே மாறிப்போனது. நம் தம்பியின் ரிமோட்டில் தகடு தகடாக, பேட்டரி பேட்டரியாக, ரிமோட் ரிமோட்டாகவே இருக்கிறது. தெரிந்த சாதனங்கள் தனித்தனியே பழைய வேலையையே செய்தால், அவற்றைச் சேர்த்து வைப்பது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது நம் 1970ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம், பிரிவு 3(எஃப்). 1978இல் ஒரு பாத்திரப் பட்டறை வழக்கில் உச்ச நீதிமன்றமும், பட்டறையில் செய்யும் சாதாரண மாற்றம் போதாது என்றது. போதாக்குறைக்கு, சாம்சங் 2021லேயே சோலார் ரிமோட்டைக் கொண்டுவந்துவிட்டது.

மறுநாள் சொன்னேன். முகம் வாடிவிட்டது.

"அப்ப நான் செஞ்சது ஒண்ணுமே இல்லையா சார்?"

"கை சுத்தமான வேலை தம்பி. ஆனா புதுசு இல்லை. நாளைக்கு நிஜமாவே புதுசா ஏதாவது தோணினா, கடையில வச்சுக் காட்டாதீங்க. முதல்ல விண்ணப்பம் போடுங்க. கர்நாடகாவுக்கும் சென்னை கிண்டி ஆபீஸ்தான். தனி ஆள் ஆன்லைன்ல போட்டா விண்ணப்பத்துக்கு 1,600, பரிசோதனைக்கு 4,000 ரூபாய். ஏஜென்ட் வச்சா அது தனி."

கொஞ்ச நேரம் ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வளையலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கிளைக்கு ஒரு நகைக்கடன் போச்சு. போகட்டும்!