மூன்று வாரக் குடித்தனம்

பீருக்குக் கசப்பையும் வாசனையையும் கொடுப்பது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. பச்சை நிறத்தில், செதில் செதிலாக, கட்டைவிரல் நுனி அளவுக்கு இருக்கும். நம்மூர் வெற்றிலைக் கொடிக்காலை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரிதான், ஆனால் இன்னும் உயரம். வரிசையாகக் கம்பம் நட்டு, மேலே கம்பி இழுத்து, கீழிருந்து கயிறு கட்டிக் கொடியை ஏற்றி விடுவார்கள். அந்தக் கயிற்றைக் கட்டும் ஆட்கள் பொய்க்கால் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடப்பார்களாம்!

லண்டனுக்குத் தென்கிழக்கில் இருக்கும் கென்ட் மாவட்டம் இந்தப் பயிருக்குப் பேர் போனது. 16-ஆம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியம் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த பயிர் இது. 1878-ல் இங்கிலாந்தில் 71,000 ஏக்கருக்கு மேல் ஹாப்ஸ் இருந்தது. அதுதான் உச்சம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பூ எல்லாமே ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றும். ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து மூன்று, நான்கு வாரத்துக்குள் பறித்தாக வேண்டும், அதுவும் கையால். உள்ளூர்க் கிராமத்து ஆட்கள் எந்த மூலைக்கு? ஜிப்ஸிகள் வந்தாலும் போதாது. அதனால் வருடா வருடம் லண்டன் நகரத்தின் ஏழைப் பகுதிகளிலிருந்து, ஸ்டெப்னி, பாப்லர், பெர்மாண்ட்ஸி போன்ற இடங்களிலிருந்து, ஆயிரக்கணக்கில் குடும்பங்கள் கென்ட்டுக்கு வந்தன. குடும்பம் என்றால் அம்மா, பாட்டி, பிள்ளைகள், கைக்குழந்தை. அப்பாவுக்குத் துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை இருக்கும். அவர் சனி, ஞாயிறு மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

முதலாளிகளுக்கு இது கூலி வேலை. வந்த பெண்களோ இதை வருடாந்திர விடுமுறை என்றார்கள். வருடத்தில் மீதி நாட்களெல்லாம் இந்த மூன்று வாரத்துக்காகக் காத்திருந்ததாகச் சொன்னவர்கள் நிறையப் பேர். கூலியையும் செலவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இது எப்படி விடுமுறையாகும் என்று புரியாது. அந்தக் கணக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் அவர்கள் அங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்கலாம்.

கோடை முடிவதற்குள் தோட்டக்காரரிடமிருந்து கடிதம் வரும். இந்த வருடமும் உங்களுக்கு இடம் உண்டு, இன்ன தேதிக்கு வாருங்கள் என்று. கடிதம் வந்த வீட்டில் அன்றிலிருந்தே மூட்டை கட்டுவது ஆரம்பம். பழைய மரப்பெட்டி ஒன்றுக்குக் குழந்தை வண்டியின் சக்கரத்தைப் பூட்டி, அதில் கரி பிடித்த சட்டி, கெட்டில், போர்வை, விளக்கு, டீத்தூள், சர்க்கரை என்று அடைப்பார்கள். வாரத்துக்குக் கொஞ்சமாகச் சாமான் வாங்கிச் சேர்த்து வைப்பதும் உண்டு.

லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து இவர்களுக்கென்றே தனி ரயில்கள் விட்டார்கள். ஒதுக்கித் தள்ளிய பழைய பெட்டிகள், புறப்படும் நேரமோ விடியலுக்கு முன்னால். மற்ற பயணிகள் கண்ணில் படாமல் இவர்களை அனுப்பிவிட வேண்டும் என்ற எண்ணம் இதில் இல்லாமல் இருந்திருக்காது. பிள்ளைகளுக்கு டிக்கெட் எடுக்காமல் இருக்கைக்கு அடியிலும் பாட்டியின் பாவாடைக்குப் பின்னாலும் ஒளித்துக் கூட்டிப் போன கதைகள் ஏராளம். (நம்மூர் பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்குக் குழந்தையின் வயதைக் குறைப்பதெல்லாம் எந்த மூலைக்கு!)

தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்த வீடு ஒரு குடிசை. செங்கல்லாலோ, மரப்பலகையாலோ, தகரத்தாலோ வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகள். பத்தடிக்குப் பத்தடி இருந்தால் பெரிது. பல இடங்களில் மண் தரை. ஜன்னல் இருந்தால் அதிர்ஷ்டம். தோட்டக்காரர் தருவது இரண்டே இரண்டு: படுக்க வைக்கோல், எரிக்கச் சுள்ளிக் கட்டு. லண்டனிலிருந்து கொண்டு வந்த காலி மெத்தை உறையில் வைக்கோலைத் திணித்துத் தைத்தால் படுக்கை தயார். அறையில் பாதி அதற்கே போய்விடும். முழுக் குடும்பமும் அதில் வரிசையாகப் படுக்க வேண்டியதுதான்.

இந்த அறையை அந்தப் பெண்கள் அப்படியே விட்டுவிடவில்லை. சில குடும்பங்கள் சீசனுக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போகும். மீந்து போன வால்பேப்பர் சுருளைக் கொண்டு வந்து தகரச் சுவரில் ஒட்டுவார்கள். வாசலுக்கு ஒரு திரை, பலகைக்கு ஒரு பூ வேலை செய்த துணி, பழப்பெட்டியைக் கவிழ்த்து ஒரு அலமாரி, சுவரில் ஒரு படம். மூன்றே வாரத்துக்கு இத்தனையும்! ஒரே குடும்பத்துக்கு ஒரே குடிசை என்று வருடக்கணக்கில் தொடர்ந்ததால் அம்மா ஒட்டிய காகிதத்துக்கு மேல் மகள் ஒட்டினாள். பக்கத்துக் குடிசையிலும் லண்டனில் இருந்த அதே பக்கத்து வீட்டுக்காரிதான். தெருவையே பெயர்த்துக் கொண்டு வந்த மாதிரி.

செப்டம்பர் முதல் வாரத்தில் கென்ட்டில் விடியும்போது பனி மூட்டமாக இருக்கும். நமக்கு ஆவணி பிறந்து புழுக்கம் குறையாத நேரம், அங்கே இலையுதிர் காலத்தின் வாசல். காலையில் கொடியை இழுத்துத் தள்ளும்போது அதிலிருக்கும் பனி நீர் முழுவதும் தலையில் கொட்டும். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் நனைந்து நடுங்கிக்கொண்டே பறிப்பார்கள். பிறகு மெல்ல வெயில் வரும், உரைக்காத வெயில். சாக்குத்துணியை மரச்சட்டத்தில் தொட்டில் போலத் தொங்கவிட்டிருப்பார்கள். அதைச் சுற்றி உட்கார்ந்து கொடியை மடியில் போட்டுப் பூவை உருவ வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு குடையைத் தலைகீழாக விரித்துக் கொடுத்துவிடுவார்கள். அதை நிரப்பினால்தான் விளையாடப் போகலாம்.

விரலெல்லாம் கறுத்துக் கசக்கும். கழுவினாலும் போகாது. அந்தக் கையோடு மதியம் ரொட்டியும் சீஸும் சாப்பிட்டால் ரொட்டியும் கசக்கும். ஆனால் பிற்காலத்தில் இதை நினைத்துப் பேசியவர்கள் பலர் அந்தக் கசப்பு ரொட்டியையே ஆசையோடு சொல்லியிருக்கிறார்கள். குளிர்ந்த டீயை பாட்டிலில் கொண்டு போய்க் குடிப்பது, வேலியோரம் நாகப்பழம் போலக் கறுத்துத் தொங்கும் பிளாக்பெர்ரி பறிப்பது, பக்கத்துத் தோட்டத்து ஆப்பிளைக் கேட்காமல் எடுப்பது (இதற்கென்றே அவர்களிடம் தனிச் சொல் உண்டு)... இதெல்லாம் பிள்ளைகளின் உலகம்.

சாயங்காலம்தான் உண்மையான குடித்தனம். குடிசைகளுக்கு முன்னால் சுள்ளி மூட்டி, இரும்புக் கொக்கியில் சட்டியைத் தொங்கவிட்டு, காய்கறியும் கொஞ்சம் இறைச்சியும் போட்டுக் கொதிக்க விடுவார்கள். சாம்பலுக்குள் உருளைக்கிழங்கு. இருட்டிய பிறகு பாட்டு, வம்பு, கதை. லண்டனில் அதே பெண் ஒரு அறையிலோ இரண்டு அறையிலோ, பல வீட்டுக்குப் பொதுவான குழாயோடு, நிலக்கரிப் புகையில் இதே சமையலைத்தான் செய்தாள். வேலை குறைந்துவிடவில்லை, கூடத்தான் செய்தது. தலைக்கு மேல் கூரைக்குப் பதில் வானம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, கணக்குக்கு வருவோம்.

வணிகவியல் படிப்பவர்களுக்குப் பீஸ் ரேட் தெரியும். செய்த அளவுக்குக் கூலி. இங்கே அளவு என்பது புஷல், சுமார் 36 லிட்டர் பிடிக்கும் கூடை. ஒரு ஷில்லிங்குக்கு இத்தனை புஷல் என்று தோட்டக்காரர் ரேட் சொல்வார். நாளுக்குச் சில முறை அளப்பவர் கூடையோடு வருவார், கூடவே கணக்கு எழுதுபவர். இந்த அளப்பில்தான் எல்லா வில்லங்கமும். ஹாப்ஸ் பூ பஞ்சு மாதிரி. லேசாக அள்ளிப் போட்டால் கூடை சீக்கிரம் நிரம்பும். அழுத்தினால் அதே கூடையில் எவ்வளவோ கூடுதலாகப் பிடிக்கும். மரக்காலைக் குலுக்கி அளப்பது பற்றி நம் தாத்தா பாட்டிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை! அதனால் அளப்பவர் வருவது தெரிந்தவுடனே பெண்கள் தொட்டிக்குள் முழங்கை வரை விட்டு பூவைக் கிளறி உப்ப வைப்பார்கள். இரண்டு பக்கமும் ஆட்டம் தெரிந்தவர்கள். ரேட் பிடிக்காவிட்டால் சீசன் ஆரம்பத்திலேயே கூட்டமாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவதும் நடந்தது.

பணம் முழுவதும் கடைசி நாளில்தான். நடுவில் வேண்டுமானால் அட்வான்ஸ் கேட்கலாம். இன்னும் பழைய காலத்தில் காசுக்குப் பதில் ஈயத்தில் வார்த்த வில்லைகளைக் கொடுத்தார்கள், தோட்டக்காரரின் பெயரெழுத்து பொறித்து. பக்கத்துக் கடைகளில் அது செல்லும், லண்டனில் செல்லாது.

எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1931 செப்டம்பரில் கென்ட்டில் தானே போய்ப் பறித்தார். அங்கே ரேட் புஷலுக்கு 2 பென்ஸ். அவருக்குக் கிடைத்தது வாரத்துக்குச் சுமார் 9 ஷில்லிங். நடுவில் வேலையை விட்டுப் போனால் தோட்டக்காரர் பாதி ரேட்தான் கொடுப்பார் என்ற விதியையும் எழுதியிருக்கிறார். இதைவிட மோசமான கூலி கிடையாது என்பதே அவர் தீர்ப்பு. கணக்குப்படி அவர் சொன்னது சரி. ஆனால் அவர் பிள்ளை குட்டி இல்லாமல், குடிசையில் வால்பேப்பர் ஒட்டாமல் போனவர். வேறு சில விஷயங்கள் அவர் கணக்கில் வர வாய்ப்பில்லை.

கூலி மட்டும் குறை அல்ல. 1849 செப்டம்பரில் ஈஸ்ட் ஃபார்லி கிராமத்தில் பறிக்க வந்தவர்களிடையே காலரா பரவி 43 பேர் இறந்தார்கள். 1853 அக்டோபர் 20 அன்று வேலை முடிந்து திரும்பியவர்களின் வண்டி ஹார்ட்லேக் பாலத்திலிருந்து மெட்வே ஆற்றில் விழுந்து 30 பேர் இறந்தார்கள். ஹாட்லோ தேவாலயத்தில் இன்றும் நினைவுச்சின்னம் உண்டு. பிறகு ரிச்சர்ட் வில்சன் என்ற ஸ்டெப்னி பாதிரியார் தன் மக்களோடு வந்து நிலைமையைப் பார்த்துவிட்டு, ஃபைவ் ஓக் கிரீன் கிராமத்தில் ஒரு பழைய மதுக்கடைக் கட்டிடத்தை இவர்களுக்கான சிறு மருத்துவமனையாக மாற்றினார். உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் அப்படி இல்லை. சில கடைகளில் சாமான்களுக்கு முன்னால் கம்பி வலை போட்டார்கள். சில மதுக்கடைகளில் இவர்களிடம் மட்டும் கிளாஸுக்கு முன்பணம் வாங்கினார்கள்.

இத்தனைக்கும் ஏன் வந்தார்கள்? ஒரு காரணம் வெளிப்படை. 1938-ல்தான் சம்பளத்தோடு விடுமுறை என்பதற்கு பிரிட்டனில் பொதுவான சட்டம் வந்தது. அதற்கு முன் ஏழைத் தொழிலாளி குடும்பத்துக்கு ஊரை விட்டு வெளியே போக வேறு வழியே இல்லை. இன்னொன்று, வரும் பணம் அந்தப் பெண்ணின் கைக்கு வரும். குளிர்காலத்துக்குப் பிள்ளைகளுக்குப் பூட்ஸ், கோட், பாக்கி வாடகை எல்லாம் அதிலிருந்துதான். புருஷன் கையை எதிர்பார்க்காத பணம், புருஷன் இல்லாத வாரநாட்கள். இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

1940 செப்டம்பரில் தலைக்கு மேல் விமானச் சண்டை நடந்தபோதும் பறித்தார்கள். பதுங்கு குழிக்குள்ளிருந்து பிள்ளைகள் வானத்தை அண்ணாந்து பார்க்கும் அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்று மிகவும் பிரபலம். லண்டனில் குண்டு விழ ஆரம்பித்தபோது குடிசையில் கூடுதலாகத் தங்கிவிட்டவர்களும் உண்டு.

ஹிட்லரால் நிறுத்த முடியாததை மெஷின் நிறுத்தியது. போருக்குப் பிறகு பறிக்கும் இயந்திரங்கள் வரத் தொடங்கி, 1960-களின் முடிவில் கையால் பறிப்பது ஏறக்குறைய இல்லாமல் போனது. கொடியை வெட்டி ஒரு முனையில் மாட்டினால் மறு முனையில் பூ தனியாக வரும். கடிதம் வருவது நின்றது.

ஆனால் சில தோட்டங்களில் குடிசையை இடிக்கவில்லை. பறிக்க ஒன்றுமில்லை, கூலியும் இல்லை என்று தெரிந்தும் சில லண்டன் குடும்பங்கள் செப்டம்பரில் அங்கே வந்து தங்கின, சுவருக்குப் புதுக் காகிதம் ஒட்டி, வாசலில் சுள்ளி மூட்டி.