பொருநைக் கரையில் – 6: பரம்பில் இறங்கிய கடப்பாரை

1876. பெர்லினிலிருந்து வந்த டாக்டர் ஜாகோர், ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த பானைகள், இரும்புக் கத்திகள், கோடரிகள், மண்டை ஓடுகள் எல்லாவற்றையும் தன் ஊருக்குக் கொண்டுபோனார் என்று சென்ற வாரம் பார்த்தோம். நெல்லை கலெக்டரும் மாவட்டப் பொறியாளரும் உடன் நிற்கவே இது நடந்தது. அவர் போன பிறகு, அவர் தோண்டிய அந்தப் புதைமேட்டைக் காத்தது யார்? ஒருவரும் இல்லை. நல்ல சரள் கிடைக்கிறது என்று வெட்டிக்கொண்டே இருந்தார்கள். இறந்தவர்களை அடக்கம் செய்த தாழிகளில் சரளோடு சரளாக உடைந்துபோனவை எத்தனை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நினைத்தால் வயிறு எரிகிறது.

இடத்தை ஒருமுறை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். தாமிரபரணியின் வடகரையில் ஸ்ரீவைகுண்டம். நவதிருப்பதிகளில் முதல் தலம், குமரகுருபரர் பிறந்த ஊர். தென்கரையில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையோரம், கருங்குளத்தை அடுத்து ஆதிச்சநல்லூர். சுற்றிலும் நெல்லும் வாழையுமாகப் பச்சை. நடுவே எதுவும் விளையாத நீண்ட மேடு. பரம்பு என்பார்கள். 114 ஏக்கர்.

1899இல் அந்தப் பரம்புக்கு வந்தார் அலெக்சாண்டர் ரீ. சென்னை மாகாணத் தொல்லியல் துறையின் கண்காணிப்பாளர். வந்தவுடன் அவர் கவனித்த ஒன்று என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஆற்றுநீர் பாயும் நல்ல நிலத்தை விட்டுவிட்டு, உழவுக்கு உதவாத கல்மேட்டைத்தான் இறந்தவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். மண்ணின் அருமை தெரிந்த உழவர்கள் அவர்கள்.

மேலே சரள், கீழே பாறை. அந்தப் பாறையையே குடைந்து குழி செய்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு முதுமக்கள் தாழியை இறக்கியிருந்தார்கள். சிலவற்றில் எலும்புகள். கூடவே சிறு கலயங்கள். அவற்றில் நெல் உமியும் தினை உமியும் ஒட்டியிருந்தன. போகிற வழிக்குச் சோறு வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

இரும்பைத்தான் நின்று பார்க்க வேண்டும். வாள், ஈட்டி, கத்தி எல்லாமே முனை கீழ்நோக்கி இருந்தன. தாழிக்குள்ளும் அப்படி, வெளியே மண்ணிலும் அப்படி. துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்றாகக் குத்தி நிறுத்திவிட்டுப் போயிருக்கலாம் என்று ரீக்குத் தோன்றியது. எனக்கும் வேறு விளக்கம் தோன்றவில்லை.

பிறகு பொன் வந்தது. மெல்லிய தகட்டில் நீள்வட்டமாகச் செய்த நெற்றிப்பட்டங்கள். இரு முனையிலும் கயிறு கோத்துக் கட்டத் துளை. வெண்கலத்தில் எருமை, சேவல், தொங்கும் விளக்கு. 1905 வரை விட்டுவிட்டு நடந்த வேலையில் ஆயிரக்கணக்கான பொருள்கள் சேர்ந்தன. அதுவரை தென்னிந்தியாவில் தெரியவந்த தொல்பழங்கால இடங்களிலேயே பரந்தது இதுதான் என்று ரீ எழுதினார். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு அவர் தொகுத்த பட்டியல் 1915இல் நூலாக வந்தது. ஜாகோர் எடுத்தவை கடல் கடந்தன. ரீ எடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த அளவில் ரீக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால், இத்தனை தாழிகளைப் புரட்டியும் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. 114 ஏக்கர் நிரம்ப இறந்தவர்களை அடக்கம் செய்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? அந்தப் பானைகளை வனைந்த சூளை எங்கே? இரும்பை உருக்கிய உலை எங்கே? வாழ்ந்தவர்களின் ஊர் தென்கரையிலேயே புதைந்திருந்ததா, ஆற்றுக்கு அக்கரையில் இருந்ததா? ரீ இதைத் தேடி முடிக்கவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகள், 2004 வரை, பரம்பில் பெரிய அகழாய்வு எதுவும் நடக்கவும் இல்லை.

அதற்கு முன்பே இன்னொன்று நடந்துவிட்டது. ரீ தோண்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பாரிஸிலிருந்து ஒருவர் ஆதிச்சநல்லூருக்கு வந்து இறங்கினார். பெயர் லூயி லாபிக். பொன்னும் வெண்கலமும் அவருக்கு இரண்டாம்பட்சம். அவருடைய கண்ணெல்லாம் தாழிகளுக்குள் கிடந்த மண்டை ஓடுகள் மீதுதான். எதற்காக? அடுத்த வாரம் பார்ப்போம்.