சந்தியில் நின்றுபோகும் ஒஸ்ரின்: மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணம்

1990 ஆம் ஆண்டு யூன் மாதம் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டதைத் தொடர்ந்து வடபகுதிக்குப் பெற்றோலும் டீசலும் செல்வது தடுக்கப்பட்டது. மின்சாரமும் இல்லாமற்போனது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்துகொண்டிருந்தது. அந்த மண்ணெண்ணெயிலேயே குடாநாட்டின் கார்கள் ஏறத்தாழ 5 ஆண்டுகள் ஓடின என்பது வாசகர் பலரும் கேட்டறிந்த செய்திதான். பழைய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்கள் திடீரென மதிப்புப் பெற்றதும், புதிய யப்பானிய வாகனங்கள் கொட்டகைகளில் முடங்கியதும் பலராலும் எழுதப்பட்டுவிட்டன. ஆனால், அந்தக் கார்கள் எவ்வாறு ஓடின என்பதை எழுதியவர்கள் அவை எங்கே நின்றன என்பதை எழுதவில்லை. அக்காலத்துச் சாரதிக்கு ஓட்டுவது பெரிய காரியமன்று. நிறுத்துவதுதான் பெரிய காரியம்.

வீதியில் 30 மைல் வேகத்தில் செல்லும்போது மண்ணெண்ணெய்க் கார், புகையையும் நாற்றத்தையும் விட்டுவிட்டால், பெற்றோல் காரைப் போலவே ஓடும். சந்தி வரும். சாரதி வேகமிதியிலிருந்து காலை எடுப்பார். அவ்வளவுதான், இயந்திரம் முதலில் ஒருமுறை குலுங்கும், பிறகு நாலு உருளைகளில் ஒன்று தவறியதுபோல நொண்டும், பிறகு அடங்கிவிடும். கராஜ் வழக்கில் இதற்குச் 'சுலோ நிற்கவில்லை' என்று பெயர்.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம். பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெயின் பெரும்பகுதி ஆவியாவதற்கு 150 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். காபரேற்றர் அதைத் துளிகளாகச் சிதறவிடும். காற்றின் வேகமும் குழாயின் சூடும் சேர்ந்தே அத்துளிகளை எரியக்கூடிய கலவையாக்கும். கால் எடுபட்டதும் காபரேற்றரின் தட்டு ஏறத்தாழ முற்றாக மூடிக்கொள்கிறது. உட்செல்லும் காற்று குறைகிறது, அதன் வேகமும் தளர்கிறது. துளிகள் குழாய்ச் சுவரில் ஒட்டி வழிகின்றன. ஓர் உருளைக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போய்ச் சேர்கின்றன. நனைந்த பிளக் பொறி தராது. நின்றபடி சில நிமிடங்கள் சென்றால் குழாயின் சூடும் இறங்கிவிடும்.

ஏ-40 காரும் மொறிஸ் மைனரும் இதைத் தாக்குப்பிடித்தமைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அவற்றின் அமுக்க விகிதம் தாழ்ந்தது. 7:1 என்ற அளவை அண்மியது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் பெற்றோலினதைவிட மிகக் குறைவாதலால், அமுக்கம் கூடிய இயந்திரத்தில் அது நேரகாலமின்றி வெடித்து இயந்திரத்தையே உடைத்துவிடும். இரண்டாவது காரணம் அதிகம் பேசப்படாதது. இக்கார்களில் கலவை உட்செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டவாறு அமைந்திருந்தன. குளிர்நாட்டு மக்களுக்காக இங்கிலாந்தில் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு, வெயில் கொளுத்தும் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயைச் சூடாக்கும் அடுப்பாயிற்று.

'தடையே அறிவைத் தந்தது. எங்கள் மெக்கானிக்குகள் புதிதாகக் கண்டுபிடித்தார்கள்' என்று பெருமையோடு எழுதுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. பெருமை தகும், வரலாறு அவ்வாறன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே போட்சன் ட்ராக்டர்கள் பெற்றோலில் கிளப்பப்பட்டு, சூடேறியபின் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றப்பட்டன. 1949 இல் வந்த பேர்கசன் ட்ராக்டரின் ஒரு வகையும் அவ்வாறே செய்யப்பட்டது. நம் ஊரில் அதைவிட அண்மையான ஆசான் ஒருவர் இருந்தார். புகையிலைத் தோட்டத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் நின்ற நீரிறைக்கும் இயந்திரமே அது. சிறிது பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பும் வித்தையைத் தோட்டக்காரர் பல பத்தாண்டுகளாக அறிந்திருந்தார்கள். கடற்றொழிலாளரின் படகு இயந்திரங்களும் மண்ணெண்ணெயில் ஓடுபவையே.

ஆயினும் ட்ராக்டரும் இறைப்பு இயந்திரமும் ஒரே சுமையில், ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடுபவை. அவற்றுக்குச் சந்தியில்லை, சோதனைச் சாவடியில்லை, வீதியைக் கடக்கும் மாடுமில்லை. காருக்கு இவையெல்லாம் உண்டு. ஆகவே யாழ்ப்பாணத்து மெக்கானிக் உண்மையிலேயே தாமாகத் தீர்க்க வேண்டியிருந்த பிரச்சினை, கார் நிற்கும் அந்த அரை நிமிடம்தான்.

அவர்களுடைய முறை ஒழுங்கானது. முதலில், நடுங்குவது எரிபொருளாலா, இயந்திரத்தாலா என்று பிரிக்க வேண்டும். குழந்தைகளின் சூப்பிப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றரின் வாய்க்குள் சில துளி பீச்சுவார்கள். நடுக்கம் அடங்கினால் குற்றம் மண்ணெண்ணெயினது. அடங்காவிட்டால் வேறு நோய். அப்போது பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். எதைக் கழற்றும்போது ஓசை மாறவில்லையோ, அந்த உருளை ஏற்கனவே வேலை செய்யவில்லை என்று பொருள். அதன் பிளக்கை அடுத்த உருளைக்கு மாற்றிப் போடுவார்கள். நோயும் கூடவே இடம் மாறினால் பிளக். மாறாவிட்டால் வால்வோ வளையமோ. பிளக் துவாரத்தில் பெருவிரலை வைத்து இயந்திரத்தைச் சுழற்றி, அமுக்கம் விரலைத் தள்ளுகிறதா என்று பார்ப்பதே அன்றைய அளவுமானி.

எல்லாம் சரியாயிருந்தும் சுலோவில் மட்டும் நடுங்கி, வேகத்தில் நடுக்கம் மறைந்துவிடுமானால், உட்செல்லும் குழாயின் இணைப்பில் காற்றுக் கசிவு இருக்கிறதென்று ஐயுற வேண்டும். தட்டு திறந்திருக்கும்போது அச்சிறு கசிவு பொருட்டேயன்று. தட்டு மூடியபோது இயந்திரம் இழுக்கும் கொஞ்சக் காற்றில் அதுவே பெரும்பங்காகிவிடும். இணைப்பின்மேல் எண்ணெய் சொட்டிப் பார்த்தால் ஓசை மாறுவதிலிருந்து கசியும் இடம் தெரியும். இன்றைய கணினி பொருத்திய காரிலும் இந்த நியாயம் மாறவில்லை.

இவ்வளவும் பார்த்தபின்னரே திருகாணியில் கை வைப்பார்கள். சுலோவைச் சற்று உயர்த்துவது, கலவையைச் சற்றுச் செறிவாக்குவது, பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளுவது. உயர்த்திய சுலோவுக்கு விலை உண்டு. நின்றபடியே மண்ணெண்ணெய் எரியும். எரியாத பகுதி வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி இயந்திர ஒயிலோடு கலக்கும். ஒயில் குறைய வேண்டியதற்குப் பதிலாகக் கூடும்; அளவுகோலை இழுத்து முகர்ந்தால் மண்ணெண்ணெய் மணக்கும். நீர்த்துப்போன ஒயிலில் உராய்வு கூடி இயந்திரம் தேயும். மாற்றுவதற்குப் புதிய ஒயிலும் எளிதிற் கிடைத்ததில்லை.

அணைத்துவிடலாமே என்று கேட்கலாம். அணைத்தால் மீண்டும் கிளப்பப் பெற்றோல் வேண்டும். போத்தலில் இருப்பது சில துளிகள். கண்டி போன்ற ஊரிலென்றால் இறக்கத்தில் நிறுத்தி உருட்டிக் கிளப்பலாம். யாழ்ப்பாணத்தில் இறக்கமென்று சொல்ல ஏது? தள்ளுவதற்கு ஆள் வேண்டும். இரவில் பிரசவ வேதனையோடு ஒரு பெண்ணைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் வாடகைக் கார்க்காரர், வீட்டு வாசலில் காத்துநிற்கும் பத்து நிமிடமும் காலை வேகமிதியிலிருந்து எடாமல், சூப்பிப் போத்தலைக் கையில் பிடித்தவாறே இருப்பார். கார் அடங்கினால் அவ்விரவில் இன்னொரு கார் கிடைப்பது நிச்சயமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காரில் எரிந்த அதே மண்ணெண்ணெய்தான் வீட்டு விளக்கிலும் எரிந்தது. போத்தல் விளக்கின் திரியை இறக்கி வைத்துக்கொண்டு பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலம் அது. சந்தியில் வீணே புகைந்துகொண்டு நிற்கும் காரைப் பார்த்து முதியவர்கள் முகஞ்சுளித்தது நாற்றத்துக்காக மட்டுமன்று. வாடகைக் காரை நம்பியிருந்தோர் விளக்கையும் நம்பியிருந்தார்கள். இந்த முரண்பாட்டை அக்காலத்துப் பத்திரிகையாளராகிய நாங்கள் போதிய அளவு எழுதவில்லை என்பது என் கணிப்பு.

1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டார்கள். செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தின் ஊடாகவும் சென்ற வீதியில் நடப்பதற்கே இடமில்லை. அடி அடியாக ஊர்வதும் நிற்பதுமாக மணிக்கணக்கில் நீளும் பயணம். மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கு இதைவிடக் கொடிய சோதனை வேறெதுவும் இருக்க முடியாது. ஓடினால்தானே அது சூடாக இருக்கும்? முதியோரையும் நோயாளரையும் ஏற்றிய கார், அடங்கிய இடத்திலிருந்து தள்ளப்படும் வண்டியாகிவிடும். அதைவிடச் சைக்கிள் மேல்.

1996 இன் பின்னர் பெற்றோல் கப்பல் வழியாக மெல்ல மெல்லத் திரும்பியது. 2002 இல் ஏ-9 வீதி திறந்ததோடு தெற்கிலிருந்து வாகனங்கள் வந்து குவிந்தன. மண்ணெண்ணெய்க்காகப் பின்தள்ளப்பட்ட பொறி நேரங்களை முன்னைய நிலைக்குக் கொண்டுவருவதும், கரியேறிய வால்வுகளைத் தேய்த்து இருத்துவதும் கராஜ்காரருக்குப் புதிய வேலையாயின.

2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, 'மண்ணெண்ணெய் விட்டு ஓட்டினால் என்ன?' என்ற கேள்வி யாழ்ப்பாணத்தில் மீண்டும் எழுந்ததில் வியப்பில்லை. இன்றைய இயந்திரத்தில் அது ஆகாது. அமுக்கம் கூடியது, எரிபொருளைப் பீச்சுவது காபரேற்றரன்று, கணினி ஆளும் நுண்துளை, புகைக்குழாயிலுள்ள உணரியும் வினையூக்கியும் கெட்டுப்போகும். மேலும், மண்ணெண்ணெயே அப்போது கிடைக்கவில்லை. கிடைக்கத் தொடங்கியபோது, அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டிருந்தது.