மலைநாட்டு வாய்மொழியும் கணினியும்

பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தையை அடுத்துள்ள மீரியபெத்த தோட்டத்தின் பெயரை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் நாள் காலையில் அங்கே மலை சரிந்து, லயங்களையும் அவற்றில் இருந்தோரையும் மண்ணுள் மூடிற்று. மாண்டவர் தொகை எவ்வளவு என்பதில் முதற் சில நாள்களில் வெளிவந்த கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்திருக்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் என்று முதலில் கூறப்பட்டது. பின்னர் அத்தொகை பெரிதும் குறைந்தது. எண்ணிக்கை எளிதில் அகப்படும் என்று நாம் நம்பும் இடத்திலேயே அது அகப்படவில்லை.

எண்ணிக்கை ஒருவாறு தெளிந்த பின்னும் ஒரு வினா எஞ்சி நின்றது. அந்நிலம் அபாயமானது என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்ததாக விபத்தின் பின்னர் அதிகாரிகள் தெரிவித்தனர். அவ்வாறாயின் மக்கள் ஏன் அவ்விடத்தை விட்டு அகலவில்லை? இவ்வினாவுக்கு விடை எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. அங்கு வாழ்ந்தோரின் வாய்மொழியிலேதான் உண்டு. அவ்வாய்மொழியைப் பதிந்து, வகுத்து, ஆராய்ந்து பொருள் காணும் முறையைப் பண்புசார் ஆய்வு என்பர். அதற்குத் துணைசெய்யும் கணினி மென்பொருள்கள் எவ்வாறு தோன்றின, அவற்றைக் கற்க விழையும் தமிழ் மாணவர் எதனைக் கருத்திற் கொள்ளவேண்டும் என்பவையே இன்றைய பேச்சின் பொருள்.

சிதறிக் கிடப்பவற்றைத் தொகுத்து, தொகுத்தவற்றுக்குக் குறியிட்டு வைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றைத் தொகுத்த சான்றோர் பாட்டுகளை வாளா அடுக்கி வைத்தாரல்லர். பாட்டுகளின் அடியில் திணை இது, துறை இது, பாடியவர் இவர், பாடப்பட்டவர் இவர் என்னும் குறிப்புகள் அமைந்துள்ளன. ஒரே பாட்டுக்கு இரண்டு துறை காட்டப்பட்ட இடங்களும் உண்டு. ஒரு கூற்று ஒரு பொருளுக்கு மட்டும் உரியதாய் அடங்கிவிடாது என்பதை அப்பழைய குறிப்புகளே உணர்த்துகின்றன.

மேனாட்டில் இத்துறையின் வரலாறு பிற்காலத்தது. தோமஸ், ஸ்னானியெக்கி என்னும் அறிஞர் இருவர், போலந்து நாட்டு உழவர் அமெரிக்காவில் குடியேறிய வரலாற்றை ஆராயப் புகுந்தபோது, சாதாரண மக்கள் எழுதிய கடிதங்களையே சான்றாகக் கொண்டனர். 1918ஆம் ஆண்டு முதல் 1920ஆம் ஆண்டு வரை அந்நூல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. 1967ஆம் ஆண்டில் கிளேசர், ஸ்ட்ராவுஸ் என்னும் இருவர் ஒரு நூல் வெளியிட்டனர். கொள்கையை முன்னே வகுத்துக்கொண்டு சான்றைத் தேடிச் செல்லாமல், சான்றிலிருந்தே கொள்கை முளைக்கட்டும் என்பது அவர்தம் கருத்து. அந்நாளில் ஆய்வாளரின் கருவிகள் கத்தரிக்கோலும் பசையும் அட்டைகளுமே. எழுதிய தாளைத் துண்டு துண்டாக வெட்டி, பொருள்வாரியாக உறைகளில் இட்டு வைப்பர்.

அத்துன்பத்தைக் கணினி குறைத்தது. அவுஸ்திரேலியாவில், மெல்பேண் நகரத்து லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில், லின் றிச்சட்ஸ் என்னும் சமூகவியலாளரும் அவர் கணவரான தொம் றிச்சட்ஸும் 1981ஆம் ஆண்டளவில் இதற்கென ஒரு மென்பொருளை உருவாக்கினர். அம்முயற்சியின் வழிவந்த என்விவோ 1999ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஜேர்மனியில், பேர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1989ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வொன்றிலிருந்து அட்லஸ் என்னும் மென்பொருள் பிறந்தது. விலையின்றிக் கிடைப்பனவும் இன்று உள்ளன. இவை யாவற்றின் அடிப்படையும் ஒன்றே. எழுத்தாக்கிய பேட்டியில் ஒரு பகுதியைத் தெரிந்து அதற்கொரு குறிப்பெயர் சூட்டுகிறோம். அக்குறி பெற்ற பகுதிகளையெல்லாம் வேண்டும்போது ஒருங்கே காண்கிறோம். ஆராயும்போது தோன்றும் எண்ணங்களைப் பக்கத்திலேயே குறிப்புரையாக எழுதி வைக்கிறோம். வெட்டிய துண்டு காணாமற் போவதில்லை. எப்பேட்டியில் எவ்விடத்திலிருந்து வந்தது என்பதும் மறைவதில்லை.

இனி, தமிழில் இதனைப் பயன்படுத்துவோர்க்கு உரிய இடர்ப்பாடுகளைக் காண்போம். நம் நாட்டில் நெடுங்காலம் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே தட்டச்சு செய்துவந்தோம். அவை கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் கணினியின் அறிவுக்கு ஆங்கில எழுத்துகளே. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆதலின் பழைய பேட்டிகளை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுதலே முதற் பணியாகும்.

அடுத்தது சொற்களைத் தேடுதல். மலை என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்து மக்கள் வழக்கில் மலை என்பது தாம் வேலைசெய்யும் தேயிலை நிலப்பகுதியையும் குறிக்கும். "நான் மலைக்குப் போயிருந்தேன், மலை சரிந்துவிட்டது" என்று ஒரு தாய் கூறுவதாகக் கொள்வோம். முதல் மலை அவருக்குப் பிழைப்புத் தந்தது. இரண்டாம் மலை அவர் வீட்டை விழுங்கியது. கணினிக்கு இரண்டும் ஒன்றே. அன்றியும், "மலைத்து நின்றேன்" என்று ஒருவர் கூறியதையும் அது மலை என்றே எடுத்துக் காட்டும்.

பேர் என்னும் சொல் இன்னும் நுட்பமானது. பேர் என்பது பெயர். பத்துப் பேர் என்னும்போது ஆள்தொகை. தோட்டத்திலோ ஒரு நாட்சம்பளமும் பேர்தான். பறித்த கொழுந்து குறைந்தால் விழுவது அரைப்பேர். "எனக்கு அரைப்பேர் போட்டார்கள்" என்னும் சொல்லில் கூலியின் குறையோடு மானத்தின் குறையும் அடங்கியிருக்கிறதன்றோ? கணினியிற் பேர் என்று தேடினால், "பேருக்கு", "பேரை" என்று உருபேற்று வந்த இடங்கள் அகப்படாமற் போகும். அகப்பட்டவற்றிலும் எது கூலி, எது பெயர் என்பதை மனிதரே படித்து உணரவேண்டும். மென்பொருள் கற்றல் என்பது பொத்தான்களைக் கற்றல் மட்டும் அன்று. அம்மக்கள் பேச்சைக் கற்றலுமாகும்.

இதனை வற்புறுத்துவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. மலையகத் தொழிலாளரைப் பற்றிய பழைய ஏடுகளிற் பெரும்பாலானவை அவரை எண்ணிய ஏடுகளே. பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணப்பட்டது. செக்ரோலில் பேர் விழுந்தது. நிறுவையில் கொழுந்து பதியப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, தலைமுறையாக இங்கு வாழ்ந்தோம் என்ற வாய்ச்சொல் போதவில்லை, பத்திரம் கேட்டார்கள். எண்ணுவதற்கு உரியவராக இருந்தோர் கேட்கப்படுவதற்கு உரியவராகக் கருதப்படவில்லை. மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தது, அக்குறையை நீக்க எழுந்த முன்னோடி முயற்சி எனலாம்.

குறியிடுவோர் பொறுப்பும் இதனால் விளங்கும். "எச்சரிக்கை கேட்டோம், எங்கே போவது?" என்று ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். ஓராய்வாளர் அதற்கு அசட்டை என்று குறியிடலாம். மற்றொருவர் போக்கிடமின்மை என்று குறியிடலாம். லயத்து அறையும் அதன் அடிநிலமும் தோட்டத்துக்கு உரியவை. குடியிருந்தோர்க்கு உரியவையல்ல என்பதை அறிந்தவர் இரண்டாவதையே தெரிவர். முதலாவது குறி பழியை மாண்டவர்மேற் சுமத்தும். இரண்டாவது குறி நிலவுரிமையைப் பற்றிக் கேட்கும். இவ்வளவு வேறுபாடும் ஒரு சிறு சொல்லிலே அமைகிறது. ஆகவே ஒரே பேட்டிக்கு இருவர் தனித்தனியே குறியிட்டு, மாறுபடும் இடங்களைக் கூடிப் பேசித் தெளிதல் நன்று. இம்மென்பொருள்கள் சில, இயந்திரமே குறியிடும் வசதியையும் தருகின்றன. அதனை உதவியாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளலாகாது. பேட்டி தந்தவர் பெயரை மறைத்தல் மட்டும் போதாது என்பதையும் நினைவிற் கொள்க. சிறிய தோட்டத்தில், இழந்த பிள்ளைகளின் தொகையைச் சொன்னாலே ஆள் இன்னார் என்று ஊர் அறிந்துவிடும்.

மீரியபெத்தையில் எஞ்சியோர் ஏறத்தாழ இரண்டாண்டு தற்காலிக இருப்பிடங்களில் வாழ்ந்தனர். 2016ஆம் ஆண்டிற் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. ஆயினும் ஊவாவிலும் அதற்கு அப்பாலும் சரிவுகளின் கீழே இன்னும் லயங்கள் இருக்கின்றன. மழைக்காலந்தோறும் அங்குள்ளோர் தமக்குள் ஏதேதோ பேசிக்கொள்கின்றனர். அப்பேச்சை மண் சரிவதற்கு முன்னரே சென்று கேட்டு, எழுதி, உண்மையான பெயரிட்டு வைக்க வல்ல மாணவர் சிலர் தோன்றுவாராயின், இக்கல்வி தன் பயனைப் பெற்றதாகும்.