ஓஜி: விட்டுப்போனவர்களும் தங்கியவர்களும்

இந்த எபிசோட்ல நாம பார்க்கப் போறது ஓஜி என்கிற டோட்டா 2 அணியோட வரலாறு. டோட்டா ஆடினதே இல்லைன்னாலும் பரவாயில்லை. ஐந்து பேர் எதிரே ஐந்து பேர், எதிரணியின் கோட்டையை உடைத்தால் வெற்றி. இவ்வளவு தெரிஞ்சா போதும்.

2015-ல் இந்த அணியை ஆரம்பிச்சவங்க இரண்டு நண்பர்கள். ஒருவர் டென்மார்க்கின் யோஹான் சுண்ட்ஸ்டைன், விளையாட்டுப் பெயர் நோடெய்ல். இன்னொருவர் இஸ்ரேலின் டால் ஐஸிக், அதாவது ஃப்ளை. அந்தக் காலத்தில் பெரும்பாலான அணிகளுக்கு முதலாளி தனி, வீரர்கள் தனி. இங்கே ஆடுறவங்களே அணியைக் கட்டினாங்க.

தொடக்கமே அமர்க்களம். 2015 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மேஜர், 2016-ல் மணிலா, அதே வருஷக் கடைசியில் பாஸ்டன், 2017 ஏப்ரலில் கீவ். ஒன்றரை வருஷத்தில் நான்கு மேஜர் கோப்பைகள்! நடுவில் மூன்று வீரர்கள் மாறியும் ஜெயிச்சாங்க. ஆனால் டோட்டாவின் உலகக் கோப்பையான தி இன்டர்நேஷனல், சுருக்கமா டிஐ, மட்டும் கைக்கு வரவே இல்லை.

2017-18 சீசன் மோசமாப் போச்சு. 2018 மே மாதக் கடைசியில், டிஐ-க்கு மூணு மாசம்கூட இல்லாத நேரத்தில், ஃப்ளையும் எஸ்4-உம் ஈவில் ஜீனியஸஸ் அணிக்குப் போயிட்டாங்க. கூடவே அணியைத் தொடங்கின நண்பரே போனதுதான் நோடெய்லுக்குப் பெரிய அடி. கொஞ்ச நாளில் இன்னொரு வீரரும் விலகினார். மிஞ்சியது நோடெய்லும் ஜெராக்ஸும்.

நாம வேலை செய்ற இடத்தோடு ஒப்பிட்டா, ரிலீஸுக்கு முன்னாடி டீமில் பாதிப் பேர் பேப்பர் போட்ட மாதிரி. வெளியிலிருந்து பெரிய பெயர்களைத் தேட நேரமில்லை. கோச்சாக இருந்த செப் ஆட வந்தார். ஓய்வில் இருந்த ஆஸ்திரேலியப் பையன் அனா திரும்பினான். கூடவே பின்லாந்திலிருந்து டாப்சன். பெரிய மேடை அனுபவம் கிடையாது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளும் ஓபன் குவாலிஃபையரில் ஆரம்பிச்சுத்தான் டிஐ-க்குள்ளேயே வந்தாங்க.

2018 ஆகஸ்ட், வான்கூவர். வழியில் எதிரே வந்தது யாருன்னு நினைக்கிறீங்க? ஃப்ளை ஆடிய ஈவில் ஜீனியஸஸ்தான். அவங்களைத் தோற்கடித்து மேலே போனாங்க. இறுதிப் போட்டியில் சீனாவின் பிஎஸ்ஜி.எல்ஜிடி 2-1 என்று முன்னிலை. நான்காவது ஆட்டத்தில் தோற்கும் நிலையிலிருந்து மீண்டார்கள். அதில் ஆக்ஸ் வைத்து செப் காட்டியதை ரசிகர்கள் இன்னும் பேசுறாங்க. கடைசியில் 3-2. பரிசு ஒரு கோடியே 12 லட்சம் டாலர் அளவுக்கு.

"அதிர்ஷ்டம்"னு சொன்னவங்க நிறைய. அடுத்த ஒரு வருஷம் ஒரு மேஜர்கூட ஜெயிக்காதது அந்தப் பேச்சுக்கு வசதியாப் போச்சு. 2019 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் ஓபன்ஏஐ உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு அணியிடம் 0-2 என்று தோற்றார்கள். ஒரு இ-ஸ்போர்ட்ஸ் உலக சாம்பியனை கணினி வீழ்த்தியது அதுதான் முதல் தடவை.

நாலே மாசம். ஷாங்காயில் அதே ஐந்து பேர் மறுபடியும் டிஐ ஜெயிச்சாங்க, இறுதியில் டீம் லிக்விடை 3-1 என்று வென்று. வழக்கமாகப் பிறரைக் காப்பாற்றும் ஐஓ என்ற ஹீரோவை அனா தாக்குதலுக்குப் பயன்படுத்தியது எல்லாரையும் குழப்பியது. டிஐ-யை இரண்டு முறை வென்ற முதல் அணி ஓஜிதான்.

அதுக்கப்புறம் பணமும் ஸ்பான்சரும் வந்து, கவுண்டர்-ஸ்ட்ரைக் அணியும் சேர்ந்து, ஓஜி ஒரு நிறுவனமா வளர்ந்தது. சாம்பியன்கள் ஒவ்வொருவரா ஒதுங்கினாங்க. 2022 ஸ்டாக்ஹோம் மேஜரை ஒரு இளம் அணி ஜெயிச்சது. அதிலும் வர முடியாத வீரருக்குப் பதிலா வந்து ஆடியவர் செப்தான்!

திறமைதான் எல்லாம்னா, 2018 மே மாதமே ஓஜி கதை முடிஞ்சிருக்கணும். அந்த ஐந்து பேரில் யாரும் தனியாக அப்போது உலகின் முதல் இடத்தில் இல்லை. ஒருத்தர் தப்பு பண்ணினா மத்தவங்க பழி போடாத ஒரு குழுவை முதலில் கட்டினாங்க. ஆட்டம் அதுக்குப் பின்னாடி வந்தது. நண்பன் விட்டுப்போன காயத்தை நோடெய்ல் பழிவாங்கலா மாத்தாம அணியா மாத்தினார்னுதான் எனக்குத் தோணுது.

நீங்க என்ன நினைக்கிறீங்க, எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.