சுருட்டு

'சுருள்' என்னும் தன்வினையின் பிறவினையாகிய 'சுருட்டு', சுருட்டிச் செய்த புகையிலைப் பண்டத்துக்கே தொழிலாகுபெயராய் நிலைபெற்று, போர்த்துக்கீசியரின் கப்பலேறி அவர் பாஷையில் 'ஷருட்டு' என்றும், ஆங்கிலத்தில் 'செரூட்' என்றும், நார்வேஜியத்தில் 'செருட்' என்றும் வழங்கலாயிற்று. ஆகவே, ஒஸ்லோவுக்குக் கிழக்கேயுள்ள ஸ்ட்ரோம்மனில் வாழும் தமிழர், தம் சொல் தமக்கு முன்னரே அங்குக் குடியேறியதைக் காணலாம்; பண்டத்தைத்தான் காண இயலாது, 2010 முதல் கடைகளில் புகையிலையைப் பார்வைக்கு வைப்பது அந்நாட்டில் விலக்கப்பட்டிருப்பதால்.

ரசிகர் போற்றும் 'மதுரோ' என்பதோ சுருட்டின் மேலிலையைக் குறித்த விசேஷணம். ஸ்பானிய மொழியில் 'பழுத்தது' என்று பொருள்படும் அச்சொல் லத்தீன் வழிவந்ததாதலின், 'மதுரம்' என்னும் வடசொல்லோடு அதற்கு உறவு கற்பிப்பது வீண். நெடுநாள் புழுங்கவைத்துப் பதப்படுத்தியமையால் கறுத்த இலையே உத்தமம். சாயமிட்ட போலியோ உதட்டில் கறை விடும். புகையை மார்புக்குள் இழுக்காது, வாயில் நிறுத்தியே சுவையறிவர் வல்லோர்.

சாம்பலைக் கொண்டே சுருட்டின் ஜாதியை நிர்ணயித்த ஷெர்லாக் ஹோம்ஸ், 1887-இல் வெளிவந்த தம் முதற்கதையில் அடையாளங்கண்டது நம் திருச்சிராப்பள்ளிச் சுருட்டையே.